வீரய்யா மாமாவின் அப்பச்சோடா

அப்பச்சோடா போட்ட எதையும் நான் வாயில் வைப்பதில்லை. கல்யாண வீட்டில் வடை பரிமாற வருகிறவரிடம்கூட, "இதுல சோடா போட்டிருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் இலையை மறைத்த கையை எடுப்பேன். ஏதோ டொக்டர் சொன்ன பத்தியம் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார்கள். (சிரிக்கட்டும். அன்றைக்கு வயிறு அவர்களுடையதாக இருக்கவில்லை.)

அப்போது எனக்குப் பதினேழு வயது. ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் நான் எழுதிய விடைகளைத் திருத்தியவர் யாரோ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். பிள்ளையைச் சும்மா வீட்டில் உட்கார்த்தி வைக்க முடியாது என்பதால், அடுத்த மாதம் தோட்டத்தில் என் பேரைப் பதிவதென்று முடிவாயிற்று. பேர் பதிந்தால் நானும் அம்மாவைப் போல ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவேண்டும். அம்மா எனக்கென்று ஒரு பால் கத்தி வாங்கி, தீட்டி, பழைய சீலைத் துணியில் சுற்றி, கூரைக்கு அடியில் அட்டலில் வைத்திருந்தார். அதைப்பற்றி அவர் பேசமாட்டார். நானும் அண்ணாந்து பார்க்கமாட்டேன்.

எனக்குப் பால் வெட்டு வராது. விடுமுறை நாட்களில் அம்மாவுக்கு உதவிக்குப் போய், பட்டையில் மெல்லிசாகக் கீறவேண்டிய இடத்தில் மரத்தின் எலும்பு தெரிய வெட்டிவிடுவேன். "ஏம்மா, பால் எடுக்கச் சொன்னா நீ ஆப்பரேசன் பண்றியே!" என்று கங்காணி தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு வந்தது ஒன்றுதான், ஓட்டம். மழை இருட்டிக்கொண்டு வந்தால், பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து நிறுவைக் கொட்டகைக்கு முதலில் வந்து நிற்பவள் நான். வாளியில் பால் கட்டியாகிவிட்டால் விலை போகாது என்ற பயத்தில் கற்றுக்கொண்ட ஓட்டம் அது.

அந்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் நிஸாம் சேர். மாகாணப் பயிற்சிக் குழுவுக்கு நீண்டதூர ஓட்டப் பிள்ளைகளை எடுக்கிறார்கள், அதில் சேர்ந்தால் கேகாலையில் விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, கணக்கை மறுபடி எழுதி மேலே படிக்க ஒரு பாடசாலை என்று அவர்தான் வந்து சொன்னார். அட்டலில் இருக்கிற கத்தி அட்டலிலேயே இருக்க எனக்கு இருந்த ஒரே வழி அது. ஓட்டம் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றால் நான் கவலையே பட்டிருக்கமாட்டேன். ஆனால் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் அம்மா மெஷினோடு வருகிறாராம்.

"இங்க பாரு புள்ள, பயப்பட ஒண்ணும் இல்ல" என்று நிஸாம் சேர் விளக்கினார். "ஓட ஓட ஒடம்புல லக்டிக் அசிட்னு ஒண்ணு ஊறும். மெதுவா ஓடினா ஊற ஊற ஒடம்பே அத எடுத்து செலவழிச்சிரும். ஒரு வேகத்துக்கு மேல போனா, ஊறுறது கூடி, செலவழியிறது பத்தாமப் போகும். அப்ப ரத்தத்துல அது ஏறும். கால் கனக்கும், மூச்சு வாங்கும். ஒனக்கு அந்த வேகம் எதுன்னு பாக்கத்தான் காது நுனியில குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறாங்க. அம்புட்டுத்தான். இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் இல்ல."

இவ்வளவு அழகாகச் சொன்னார். என் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள். ஒன்று இரத்தம், இன்னொன்று அசிட்.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளையிடம் அசிட் என்ற சொல்லைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அசிட்டுக்கு ஒரே ஒரு வேலைதான். ஸ்டோர் என்கிற ரப்பர் கொட்டகையில் பெரிய தொட்டியில் ஊற்றி வைத்த பாலில் கொஞ்சம் அசிட்டைக் கலந்தால், தண்ணீராக இருந்த பால் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை மெஷினில் கொடுத்து ஷீட்டாக இழுத்துப் புகையில் தொங்கவிடுவார்கள். இரத்தத்தில் அசிட் ஊறும் என்று சேர் சொன்னதிலிருந்து நான் என்னையே ஷீட்டாகத் தொங்குவதாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நேரே போய்ப் பக்கத்து லயத்திலிருந்த தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீரய்யா மாமா ஸ்டோரில் பாலுக்கு அசிட் ஊற்றுகிறவர். அசிட் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது.

"அண்ணே, புள்ளைக்கு ரத்தத்துல அசிட்டு ஊறுமாம். ஓடிக்கிட்டிருக்கப்பவே கட்டியாயிருமாண்ணே?"

மாமா பிளேன்டியை ஒரு வாய் குடித்தார். என் கையைப் பிடித்து நரம்பை அழுத்திப் பார்த்தார். "எம்புட்டு ஊறும்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

"வேகமா ஓடுனா கூட ஊறுமாம் மாமா."

"அப்பறம் ஏம்புள்ள வேகமா ஓடுற?"

"மெதுவா ஓடுனா எடுக்கமாட்டாங்க மாமா!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா அட்டலை ஒருமுறை பார்த்தார். மாமாவும் பார்த்தார்.

"சரி, அழுவாத. அசிட்டுக்கு மாத்து இருக்கு" என்றார் மாமா. "சிரட்டையில பால் கட்டியாவாம இருக்க என்னா ஊத்துறோம்? அமோனியா."

"ஐயையோ, அமோனியாவக் குடிக்கச் சொல்றீங்களாண்ணே?"

"சீ! அது தோட்டத்துச் சாமான், அதக் குடிப்பாங்களா? ஸ்டோருல கையில அசிட்டுப் பட்டா நாங்க என்னா பண்ணுவோம்? சோடாவக் கரைச்சு ஊத்துவோம். சுர்ருனு பொங்கி அடங்கிப்போவும். வெளிய பட்டதுக்கு வெளிய ஊத்துறோம். உள்ள ஊறுறதுக்கு உள்ள ஊத்து. வாயில போடுற சோடா இருக்குல்ல, அப்பச்சோடா!"

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. இன்றைக்குக்கூட, கேட்கிறவர்கள் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். மாமா தன் வீட்டுக்குப் போய் மாமியிடம் மன்றாடி, பேப்பரில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். "ஓடுறதுக்கு முன்னாடி ஒரு தேக்கரண்டி. தண்ணியில கலந்து குடி. மிச்சத்தப் பத்திரமா கொண்டாந்துரு, ஒங்க மாமி ஞாயித்துக்கெழம அப்பம் சுடணும்னா."

சோதனை நாளன்று காலையில் பொட்டலத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நிஸாம் சேர் கேகாலையில் மைதானத்தில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வழியெல்லாம் ரொட்டி இறங்கவில்லை. பேர் பதிகிற நாள், கத்தி, கங்காணி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தன.

கேகாலைக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அது பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். எல்லாரும் பையோடு இறங்கி வரிசையில் நிற்கவேண்டும். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அடையாள அட்டையில் இருக்கிற பேர் தமிழ்தானே. துப்பாக்கி வைத்திருந்த பையன் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவனாக இருப்பான். பையைத் திறந்தான். பழைய பேப்பருக்குள் வெள்ளைத் தூள்.

"மே மொகக்த?" (இது என்ன?)

சாதாரணமாகத்தான் கேட்டான். அப்பச்சோடா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதானே? சொன்னால் அடுத்த கேள்வி, ஓடப் போகிற பிள்ளைக்கு எதற்கு அப்பச்சோடா என்பது. அதற்குப் பதில் சொல்ல மாமாவைச் சொல்லவேண்டும், மாமாவைச் சொன்னால் ஸ்டோரைச் சொல்லவேண்டும், ஸ்டோரைச் சொன்னால் அசிட், அமோனியா எல்லாவற்றையும் சொல்லவேண்டும். குண்டுக்குப் பயந்து நிற்கிற ஓர் ஆளிடம் ஒரு தமிழ்ப் பிள்ளை இந்த இரண்டு சொற்களையும் சொன்னால் என்ன ஆகும்? என் மூளை இவ்வளவு தூரம் ஓடிப்போய், மூச்சு வாங்கி, ஒரு முடிவோடு திரும்பி வந்தது. பேசாதே, தின்று காட்டு.

பொட்டலத்தை அப்படியே வாயில் கவிழ்த்தேன். முழுப் பொட்டலத்தையும். உப்பும் சவர்க்காரமும் கலந்த மாதிரி ஒரு சுவை. தொண்டையில் அடைத்துக்கொண்டது. போத்தல் தண்ணீரை ஊற்றி ஊற்றி விழுங்கினேன். விழுங்கி முடித்து, வாயைத் திறந்து நாக்கையும் நீட்டிக் காட்டினேன், எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை விழுங்கியதைக் காட்டுகிற மாதிரி.

அந்தப் பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "ஐயோ நங்கி!" (தங்கச்சி) என்று சிங்களத்தில் கத்தினான். "அப்பச்சோடா தானே, எங்கம்மாவும் இப்படித்தான் மடிச்சு வைப்பாங்க. நான் போகச் சொல்லித்தானே கையைக் காட்டினேன்!"

அவன் கை காட்டியதை நான் பார்க்கவே இல்லை.

மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது என் வயிற்றுக்குள் யாரோ குடித்தனம் வந்திருந்தார்கள். சாமான்களை இழுத்துப் போடுகிற சத்தம் எனக்கே கேட்டது. டொக்டர் அம்மா மைதான ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சின்ன மெஷின் ஒன்று, அதில் செருகுகிற பட்டிகள் ஒரு டப்பியில். ஒரு சொட்டு இரத்தத்துக்கு ஒரு பட்டி. "வெளிநாட்டிலிருந்து வருகிற பட்டி, ஆளுக்கு இவ்வளவுதான், வீணாக்க முடியாது" என்று சிங்களத்தில் முதலிலேயே சொல்லிவிட்டார். மெதுவாக ஆரம்பிக்கவேண்டும். விசில் அடித்ததும் வந்து நிற்கவேண்டும், காதில் குத்துவார். அடுத்த சுற்று கொஞ்சம் வேகமாக. மறுபடி குத்து. இப்படியே ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"என்ன புள்ள, மொகம் இப்படி இரிக்கி?" என்றார் நிஸாம் சேர்.

"ஏவ்" என்றேன். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஏப்பம்தான் வந்தது.

முதல் சுற்று ஓடினேன். குத்தினார். மெஷினைப் பார்த்தார். இரண்டாவது சுற்று ஓடினேன். குத்தினார். மெஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பயம் கூடியது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி விறுவிறுத்தது, உதட்டைச் சுற்றியும் அப்படியே. கட்டியாக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பால் முதலில் ஓரத்தில்தானே கட்டியாகும்! ஓடிக்கொண்டே விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். மூன்றாவது சுற்று முடிந்து வந்து நிற்கும்போது மெஷினைப் பார்த்த டொக்டரின் புருவம் மேலே போய், கீழே வர மறந்துவிட்டது.

"இந்த வேகத்துக்கே இவ்வளவா?" என்று நிஸாம் சேரிடம் கேட்டார். "நல்லா ஓடுற பிள்ளைன்னு சொன்னீங்களே சேர்?"

சேருடைய முகம் விழுந்ததை நான் பார்த்தேன். என் பேரைக் கங்காணி கூப்பிடுகிற சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருந்தது. காதென்றதும் கை தானாகக் காது நுனிக்குப் போயிற்று. அங்கே ஏதோ கெட்டியாக, சின்னதாக, உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பு. கட்டி!

"சேர்! உறைஞ்சிருச்சு! எனக்கு ரத்தம் உறைஞ்சிருச்சு சேர்!"

(குத்தின இடத்தில் இரத்தம் காய்ந்து கட்டிப்பிடிப்பது உலகத்தில் எல்லாருக்கும் நடப்பதுதான். சின்ன வயதில் முழங்காலில் எத்தனை தடவை பார்த்திருப்பேன். அந்த நேரத்தில் ஞாபகம் வந்தால்தானே?)

கத்திய வேகத்தில் வயிறு அவிழ்ந்துகொண்டது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. மைதானத்தின் மறு கோடியில், மேட்டுக்கு மேலே ஒரு கக்கூஸ் இருந்தது. ஓடினேன். அம்மாடி, அப்படியொரு ஓட்டம்! மேட்டில் வேகம் குறையவில்லை, மூச்சு வாங்கவில்லை, கால் தரையில் பட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் கை தட்டினார்கள். பரீட்சையில் இதுவும் ஒரு கட்டம் என்று நினைத்திருப்பார்கள்.

உள்ளே உட்கார்ந்து அழுதேன். ஒரு பிள்ளை எதிர்காலத்தைத் தொலைப்பதற்கு இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. வெளியே வந்தபோது டொக்டர் அம்மாவே கதவுக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய முகத்திலும் பயம் இருந்தது. "மகள், காலையில் என்ன சாப்பிட்டாய்? உண்மையைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். பால், தொட்டி, மாமா, பொட்டலம், சோதனைச் சாவடி, நாக்கு நீட்டியது வரை சொன்னேன். அவர் முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வர வர அப்படிச் சிரித்தார். சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க மாமா பெரிய ஆள்தான். சோடா குடிச்சிட்டு ஓடுறவங்க வெளிநாட்டுலயும் இருக்காங்க. ஆனா அளந்து குடிப்பாங்க. இன்னொரு விஷயம். சோடா அந்த எண்ணைக் குறைக்காது, கூட்டும். தசைக்குள்ள ஊறுறத அது வேகமா ரத்தத்துக்கு இழுத்துட்டு வந்துடும். நீ பட்ட பாடெல்லாம், மெஷின்ல உன்னை மோசமாக் காட்டத்தான்" என்றார்.

"அப்ப ரத்தம் கட்டியாகாதா மிஸ்?"

"ஆகாது. அது அசிட்னு பயப்படாத. உடம்பு அதையும் எடுத்து எரிச்சுத்தான் ஓடுது. அடுப்புக்கு விறகு மாதிரி."

நிம்மதியாக மூச்சுவிடப் போனேன். அப்போதுதான் அவர் டப்பியைக் குலுக்கிக் காட்டினார். மற்றப் பிள்ளைகளுக்கு எண்ணி வைத்த பட்டிகள் மட்டும்தான் மிச்சம். என் பங்கை என் சோடா தின்றுவிட்டது. மறுபடி அவர் எப்போது வருவாரென்று அவருக்கே தெரியாது. "மிஸ், அடுத்த மாசம் எனக்குப் பேர் பதியப் போறாங்க" என்றேன்.

பேர் பதிவதென்றால் என்னவென்று சேர் டொக்டர் அம்மாவுக்குச் சொன்னார். "போய்ப் படு. இளநீர் குடி. வயிறு அடங்கினதும் வா" என்றார் டொக்டர்.

பின்னேரம் அவரே மைதானத்துக் காவல்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "மெஷின் இல்லாதப்ப எப்படிப் பாக்கிறதுன்னு தெரியுமா? ஓடிக்கிட்டே பேசச் சொல்வோம். முழு வசனமாப் பேச முடிஞ்சா, நீ இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம். வசனம் ரெண்டு ரெண்டு வார்த்தையா உடைஞ்சா, கோட்டுல நிக்கிற. பேச்சே வரலன்னா தாண்டிட்ட. கோடு எவ்வளவு வேகத்துல வருதுன்னு நான் பாக்கிறேன். ஓடு, பேசு."

"என்னா மிஸ் பேச?"

"உங்க மாமா கதையைத் திரும்பச் சொல்லு. ஒண்ணும் விடாம."

அன்றைக்குத்தான் எனக்குக் கடவுள் கொடுத்த வாயின் பெறுமதி தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த வாய்க்காக நான் வாங்காத அடி இல்லை. ஓடினேன், பேசினேன். "வேகம் கூட்டு" என்றார், கூட்டினேன், பேசினேன். சிங்களத்தில் மாமா மாதிரி பேசிக் காட்டினேன், அம்மா மாதிரி அழுது காட்டினேன், நாக்கை நீட்டிய கட்டத்தில் நாக்கையும் நீட்டினேன். பக்கத்தில் அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஒரு முறை வேலிக்குள் போய் வந்தது. ஓடியவள் நான், மூச்சு வாங்கியது அவருக்கு. "இன்னும் கூட்டு!" கூட்டினேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வாயை மூடியே ஓடியிருந்த வேகத்தில் நான் கதையில் மாமியின் ஞாயிற்றுக்கிழமை அப்பத்துக்கு வந்திருந்தேன். அங்கேதான் உடைந்தது. "மாமிக்கு... அப்பம்... சுட... மிச்சம்..."

"போதும்!" என்றார். சைக்கிளை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து, நிஸாம் சேரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இந்தப் பிள்ளையை எடுக்கலாம். விடுதியில சமையலறைப் பக்கம் மட்டும் விடாதீங்க."

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அம்மா வாசலிலேயே நின்றார். கிடைத்துவிட்டது என்று சொன்னதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. பின்னால் நின்ற வீரய்யா மாமா, "பாத்தியா, சோடா வேலை செஞ்சிருச்சு!" என்றார். அடுத்த மூச்சில், "மிச்சம் எங்க புள்ள?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் "என்ன கவலை?" என்று கேட்பதில்லை. ஓர் ஆள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தால், "என்னா, அசிட்டு ஊறிருச்சா?" என்றுதான் கேட்போம். என் கல்யாணத்தில் மணவறையில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, கூட்டத்தின் பின்னாலிருந்து மாமா அதைச் சத்தமாகக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கம் சொல்லி முடிக்க மறுநாள் ஆயிற்று. இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். என் பிள்ளைகளைக் கதை சொல்லிக்கொண்டுதான் ஓடவிடுவேன். சோடாவைப் பற்றி மூச்சு விடமாட்டேன்.

அம்மா வேலையிலிருந்து நின்ற நாளில் நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கங்காணியிடம் தன் பால் கத்தியைக் கொடுத்தார். தீட்டித் தீட்டித் தேய்ந்துபோன கத்தி. பிறகு மடியிலிருந்து சீலைத் துணியில் சுற்றிய இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்த கங்காணி, "இது புதுசா இருக்கேம்மா, யாருது?" என்றார்.

"அதுக்கு ஆளில்லீங்க" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நேரம் போயிற்று, ஒரு வார்த்தை இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

"ஏம்மா, அசிட்டு ஊறிருச்சா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆமாடி" என்றார். "போயி ஒங்க மாமாகிட்ட ஒரு பொட்டலம் வாங்கியா. மிச்சம் திருப்பித் தரமாட்டோம்னு சொல்லிரு."